ஆயர் பாப்பானில் ஆடி அமாவாசை

மெர்சிங்குக்குச் சற்று வடக்கே இருக்கிறது ஆயர் பாப்பான் கடற்கரை. மாலையில் குளித்துக் கும்மாளமிட்ட குடும்பங்கள் எட்டு மணிக்குள் காடி ஏறிவிட்டன. எட்டரைக்கு ஒருவர் மட்டும் மணலில் முட்டிபோட்டு, முக்காலியின் ஒரு காலுக்கு அடியில் பலகைத் துண்டைச் செருகிக்கொண்டிருந்தார்.

ஜோகூர் பாருவில் கல்யாணங்களுக்குப் படம் பிடிப்பவர் அவர். நிலா இல்லாத இரவுகளில் இவ்வளவு தூரம் வண்டி ஓட்டி வந்து வானத்தைப் படம் பிடிக்கிறார். நாள் பார்க்க வீட்டில் தொங்கும் தமிழ் நாள்காட்டியே போதும். நண்பர் ஒருவர் சொல்லிவைத்ததால் ஆடி அமாவாசைக்கு என்னையும் கூட்டி வந்திருந்தார்.

பலகைக்குக் காரணம், முக்காலியின் தலையில் இருந்த சின்ன மோட்டார். டிராக்கர் என்கிறார்கள். பூமி சுழல்வதால் விண்மீன்கள் நான்கு நிமிடத்துக்கு ஒரு டிகிரி நகர்கின்றன. கேமராவை அசையாமல் நிறுத்தினால், அகலமான லென்ஸிலும் இருபது விநாடிக்கு மேல் போனால் புள்ளி கோடாகிவிடும். டிராக்கர் கேமராவை வானத்தோடு சேர்த்துத் திருப்பும். மூன்று நிமிடம்கூட ஒளியைச் சேர்க்கலாம். ஆனால் அதன் அச்சு வானத்தின் துருவத்தை நோக்க வேண்டும். ஐரோப்பியருக்குத் துருவ நட்சத்திரம் உயரத்தில் நின்று வழிகாட்டும். மெர்சிங் இருப்பதோ நிலநடுக்கோட்டுக்கு வடக்கே வெறும் 2.4 டிகிரியில். இங்கே துருவ நட்சத்திரம் அடிவானத்தை ஒட்டி, மரத்துக்கும் மூட்டத்துக்கும் பின்னால் கிடக்கிறது. டிராக்கரைத் தாங்கும் தலை அவ்வளவு தாழக் குனியாது. அதனால்தான் பலகை வைத்து முக்காலியையே சாய்க்கிறார்.

திசைகாட்டியை வைத்து வடக்கைப் பிடித்தார். ஒரு படம் எடுத்துப் பெரிதாக்கி, விண்மீன் எந்தப் பக்கம் இழுபட்டிருக்கிறது என்று பார்த்துத் திருகினார். மறுபடி எடுத்தார். ஒன்றரை மணி நேரம் இதே வேலை.

இடையில் பிளாஸ்கிலிருந்து கோப்பி ஊற்றித் தந்தார். குளுவாங் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். அம்மா பால்மரம் வெட்டியவர். விடியுமுன் பெரட்டுக்குப் போகும் அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு இவரும் நடப்பாராம். “அம்மா நெத்தி விளக்க அணைச்சாத்தான் வானம் தெரியும் தம்பி. அணைச்சிட்டு விடிவெள்ளிய காட்டுவாங்க.” பிறகு தோட்டம் செம்பனைக்கு மாறியது, குடும்பம் பட்டணத்து அடுக்குமாடிக்கு வந்தது. அங்கே வானம் இல்லை.

வடக்கே வேகா மின்னியது. பஞ்சாங்கம் அபிஜித் என்று சொல்லும் விண்மீன். சூரியனுக்கு அடுத்து முதலில் படத்தில் பதிந்த விண்மீன் அதுதான்: 1850 ஜூலை 17, அமெரிக்காவின் ஹார்வர்ட் வானாய்வகம்.

பத்தரை வாக்கில் பால்வீதியின் மையம் உச்சத்துக்கு வந்தது. கேட்டையையும் மூலத்தையும் தாண்டிக் கிழக்கே, ஏறக்குறைய 58 டிகிரி உயரத்தில். லண்டனில் அது பத்து டிகிரியைக்கூடத் தொடாது. கண்ணுக்கு வெளுத்த மேகம்போல் இருந்தது. கேமராத் திரையில் கருந்தூசியின் கிளைகளும் சிவந்த வாயுத் திட்டுகளும் ஒவ்வொன்றாக எழுந்தன. இருவரும் வெகுநேரம் பேசவில்லை.

கிழக்கே கடலில் கணவாய்ப் படகுகளின் விளக்குகள். அவை உழைப்பவரின் விளக்குகள், குறை சொல்ல மனமில்லை. தெற்கேதான் நெஞ்சு கனத்தது. இருட்டியதும் தென்சிலுவை சாய்ந்த அந்தப் பக்கம், 120 கிலோமீட்டர் தள்ளி, சிங்கப்பூர். செயற்கை ஒளியால் வானம் மிக அதிகமாகக் கெட்ட நாடு அது என்று 2016இல் வெளிவந்த உலக வரைபடம் காட்டியது. ஜோகூர் பாருவும் அதே வழியில் விரைகிறது. இப்போது கடற்கரை விடுதிகளும் தென்னை மரங்களுக்கு அடியிலிருந்து வானத்தை நோக்கி விளக்கடிக்கின்றன. அவர் எடுத்த பால்வீதிப் படத்தைக் காசும் கொடுக்காமல், பெயரும் போடாமல் விளம்பரத்தில் அச்சடித்தது அப்படி ஒரு விடுதிதான். விருந்தினரை அழைக்க அந்த வானம் வேண்டும். அதைக் காப்பாற்ற ஒரு விளக்கை அணைக்க மனம் வராது. இது திருட்டு, இருமுறை திருட்டு.

விடுதி நடத்துகிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். விளக்குகளின் மேல் மூடி போட்டு, வெளிச்சத்தைத் தரைக்குத் திருப்புங்கள். நடைபாதைக்கு அது போதும். படம் எடுத்தவருக்கு உரிய கூலியைக் கொடுங்கள்.