அலையில்லாத ஏரியில் ஒரு தலைச்சுற்று

குருநகர்க் கரையில் வளர்ந்த எனக்குப் படகு இயந்திரத்தின் புகை ஒருநாளும் அச்சந் தந்ததில்லை. வள்ளத்தின் பின்புறம் பூட்டிய அவுட்போட் இயந்திரம் தன் புகையைத் தண்ணீருக்குள்ளேயே விட்டுவிடும். மிஞ்சியதைக் காற்றுக் கொண்டுபோய்விடும். கூரையில்லாத வள்ளத்தில் நஞ்சு தங்க இடமேது?

1991இல் ரொறன்ரோவுக்கு வந்து, ஒன்ராறியோ ஏரிக்கரையில் உல்லாசப் படகுகள் திருத்தும் பட்டறை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்த பிறகுதான், அறையும் கட்டிலும் அடுப்பும் கொண்ட படகுகளை அருகில் கண்டேன். அங்கே இயந்திரம் படகின் வயிற்றுக்குள் இருக்கிறது. புகை வெளியேற ஒரு பாதை வேண்டும். அந்தப் பாதையின் நடுவில் இருப்பது சைலன்சர்.

மோட்டார்ச் சைக்கிளின் சைலன்சரை மட்டும் அறிந்தவர்கள் இதை வேறுவிதமாகக் கற்பனை செய்துகொள்ள வேண்டும். பல படகுகளில் இது கண்ணாடியிழையாலோ கடினமான பிளாஸ்ரிக்காலோ ஆன பெட்டி. நெருப்புப் போன்ற புகைக்குப் பிளாஸ்ரிக் தாங்குமா என்று கேட்பீர்கள். தாங்கும், தண்ணீர் கூட வரும்வரை. ஏரியிலிருந்து ஒரு பம்பு இழுக்கும் நீர், இயந்திரத்தின் வெப்பத்தை வாங்கிக்கொண்டு, கடைசியில் புகைக்குழாயின் வளைவில் புகையோடு கலக்கிறது. பலநூறு பாகை வெப்பத்தோடு வந்த புகை, அங்கேயே கை பொறுக்கும் சூட்டுக்கு இறங்கிவிடும். பின் நீரும் புகையும் ஒன்றாய் இறப்பர்க் குழாய் வழியே பெட்டிக்குள் விழுந்து, சத்தம் அடங்கி, படகின் பின்பக்கத்தால் வெளியேறும். நீர் குறைந்தால் குழாயின் உட்புறம் கருகும். பெட்டியின் படைகள் ஒன்றைவிட்டு ஒன்று பிரியும். உட்தட்டுகள் கழன்று வாயை அடைத்துவிடுவதும் உண்டு. அப்போது இயந்திரம் மூச்சு முட்டி வலுவிழக்கும். ஆகவே, உடைந்த சைலன்சர் பெரும்பாலும் குற்றவாளி அன்று, சாட்சி. பட்டறை முதலாளி எனக்கு முதல் ஆண்டிலேயே புகட்டிய பாடம் இது.

கனடாவில் இன்னொரு காரணமும் உண்டு. பனிக்காலத்துக்கு முன் பெட்டியின் அடியில் நிற்கும் நீரை வடித்துவிடாவிட்டால், அது உறைந்து பெருத்துப் பெட்டியைப் பிளக்கும். வசந்தத்தில் படகுகளை ஏரியில் இறக்கும்போது இத்தகைய வெடிப்புகளை நிறையப் பார்த்துப் பழகியிருந்தேன். அந்தப் பழக்கமே என்னை ஏமாற்றிற்று.

2004 யூலையில் ஒரு வெள்ளிக்கிழமை மாலை, பழைய இருபத்தெட்டு அடிப் பெற்றோல் படகொன்றை வாங்கியிருந்த நம்மூர்க்காரர் ஒருவர் வந்தார்.

“அண்ணை, சத்தம் கூடிப்போச்சு. எஞ்சின் அறைக்குள்ளை தண்ணியும் கசியுது. நாளைக்குப் பிள்ளையளோடை போக வேணும்.”

பெட்டியில் ஒரு வெடிப்பு. பனி வெடிப்பு என்று ஒரே பார்வையில் முடிவுகட்டினேன். உறைந்த நீர் பிளந்தால் அது அடிப்பகுதியில், நீர் நின்ற மட்டத்தில் இருக்கும். இதுவோ மேலே, குழாய் நுழையும் பக்கத்தில். சுற்றிலும் பழுப்பேறி, சிறு கொப்புளங்களும் கண்டிருந்தன. கண் கண்டது, அவசரம் காணவில்லை. தேய்த்துத் துப்புரவாக்கி, கண்ணாடியிழைத் துணியை எப்பொக்சிப் பசையில் தோய்த்து மூன்று படை ஒட்டினேன். மறுநாட் காலை இயந்திரத்தை ஓட்டிப் பார்த்தோம். பின்னால் நீர் வந்தது. சத்தம் அடங்கிற்று. கூலியை வாங்கிக்கொண்டேன். எவ்வளவு நீர் வந்தது என்பதை மட்டும் நான் பார்க்கவில்லை.

இரண்டு கிழமை கழித்து ஒரு ஞாயிறு பிற்பகல், ஏரியின் நடுவிலிருந்து தொலைபேசியில் அழைத்தார். கீழறையில் படுத்திருந்த சின்ன மகளுக்குத் தலையிடி, சத்தி. மனைவிக்கும் தலை சுற்றுகிறதாம். “தண்ணிப் பயணம் ஒத்துக்கொள்ளேல்லைப் போலை. என்ன மருந்து குடுக்கலாம், அண்ணை?”

“ஏரி அசையுதோ?”

“இல்லை, கண்ணாடி மாதிரிக் கிடக்குது.”

அசையாத ஏரியில் ஏது கடற்சுகவீனம்? அந்தக் கணத்தில் பழுப்பேறிய அந்த வெடிப்பு என் கண்முன் வந்து நின்றது. இயந்திரத்தை நிறுத்தி, எல்லாரையும் மேல்தட்டில் இருத்தி, உடனே உதவிக்கு அழைக்கச் சொன்னேன். மீட்புப் படகு கட்டியிழுத்து வந்தது. கரையில் அம்புலன்ஸ் காத்திருந்தது. இரத்தத்தில் காபனோரொட்சைட்டு இருப்பதை மருத்துவமனையில் உறுதிப்படுத்தினார்கள்.

அந்த வாயுவுக்கு நிறமில்லை, மணமில்லை. ஒட்சிசனைவிட 200 மடங்குக்கும் மேலான பிடிப்போடு அது ஈமோகுளோபினைப் பற்றிக்கொள்ளும். சாதாரணக் காற்றில் அதன் பாதி நீங்கவே நான்கைந்து மணித்தியாலம் செல்லும். தூய ஒட்சிசன் கொடுத்தால் ஏறக்குறைய ஒன்றரை மணித்தியாலம். டீசலைவிடப் பெற்றோல் இயந்திரம் இதை மிக அதிகமாக உமிழும். அமெரிக்காவின் பவல் ஏரியில் 1990க்கும் 2000க்கும் இடையில் 111 பேர் இந்த நஞ்சுக்கு ஆளானதாக 2000 டிசம்பரில் ஓர் அறிக்கை வெளியாயிற்று. அவர்களில் 74 பேர் வீட்டுப்படகுகளில் இருந்தவர்கள். பட்டறைச் சுவரில் அதன் பிரதியொன்று தொங்கியது. நான் வாசித்துமிருந்தேன்.

பிள்ளை மறுநாள் வீடு திரும்பினாள். அதற்கடுத்த நாள், தகப்பனும் நானும் படகைத் திறந்தோம். என் ஒட்டு ஓரத்தில் பெயர்ந்திருந்தது. இறப்பர்க் குழாயின் உட்சுவர் கருகி உரிந்திருந்தது. இயந்திர அறைக்கும் கீழறைக்கும் நடுவிலுள்ள பலகையில், மின்கம்பிகள் போகும் துளைகளைச் சுற்றிக் கரி படிந்திருந்தது. புகை போன வழி அது. பம்பைக் கழற்றினேன். நீரைத் தள்ளும் இறப்பர்ச் சக்கரத்தின் பன்னிரண்டு இதழ்களில் மூன்றைக் காணவில்லை. பல ஆண்டுகளாக மாற்றப்படாமல் விறைத்துப் போயிருந்த இறப்பர். வெள்ளிக்கிழமை நான்கு ஆணிகளைக் கழற்றியிருந்தால் கண்டிருப்பேன். பத்து நிமிட வேலை.

“நான் பார்க்கேல்லை, தம்பி. பிழை என்ரைதான்” என்றேன்.

அவர் ஒன்றும் பேசவில்லை. வாங்கிய கூலியை நீட்டினேன், கையை விலக்கினார். அந்தக் காசோடு என் காசையும் சேர்த்து, கீழறைக்கொன்றும் மேலறைக்கொன்றுமாக இரண்டு வாயு எச்சரிக்கைக் கருவிகளும், புகைக்குழாய் சூடேறினால் அலறும் மணியொன்றும் வாங்கிப் பூட்டினேன். பெட்டியை ஒட்டவில்லை, புதிதாக மாற்றினேன். குழாயும் புதிது. ஒவ்வொரு முனையிலும் துருவேறா எஃகுக் கவ்விகள் இரண்டிரண்டு.

புதிய இதழ்ச் சக்கரத்தைப் போட்டுவிட்டால் வேலை முடிந்தது என்று எண்ணுபவர்கள் உண்டு. முறிந்த துண்டுகள் நீர்ப்பாதையில் எங்கோ கிடக்கும். இன்னொரு நாள் அவையே பாதையை அடைக்கும். இரண்டு துண்டுகள் வெப்பமாற்றியின் வாயிலேயே அகப்பட்டன. மூன்றாவதைக் காணோம். இருட்டத் தொடங்கியது. மீதியை நாளைக்குப் பார்க்கலாமா என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் அவர் கைவிளக்கை எடுத்துவந்து, குனிந்து, என் தோளுக்கு மேலால் பிடித்தார்.

“மூண்டாவது எங்கை, அண்ணை?” என்றார்.

குழாய்களை ஒவ்வொன்றாகக் கழற்றினோம். ஒன்பது மணிக்குப் பிறகு, முழங்கை வளைவொன்றுக்குள் அது ஒட்டிக்கொண்டிருந்தது.