1867 முதல் அணையாத அடுப்பு... நெய்வேலிக்காரர்களின் வேண்டுதல் தலம் வடலூர்!

நெய்வேலி என்றதும் நினைவுக்கு வருவது நெருப்புதான். பூமிக்கு அடியிலிருந்து வெட்டி எடுக்கும் பழுப்பு நிலக்கரி, அதை எரிக்கும் அனல் மின் நிலையங்கள், வானத்தை முட்டும் புகைபோக்கிகள். 1962-ல் இங்கே முதல் மின்சாரம் உற்பத்தியானது.

அந்த நெருப்பைவிட 95 வயது மூத்த நெருப்பு ஒன்று பக்கத்திலேயே இருக்கிறது. ஆர்ச் கேட்டில் பஸ் ஏறினால் சுமார் பத்து கிலோமீட்டரில் வடலூர். அங்கே சத்திய தருமச்சாலையில் ஓர் அடுப்பு. 1867 மே 23 அன்று வள்ளலார் ராமலிங்க அடிகள் மூட்டியது. இன்றுவரை அணையவில்லை. நெய்வேலியின் நெருப்பு மின்சாரம் தருகிறது. வடலூரின் நெருப்பு சோறு தருகிறது. அந்தச் சோற்றைத்தான் இங்குள்ளவர்கள் மருந்து என்கிறார்கள்.

எது பெரிய நோய்?

நோய் தீர்க்கும் தலங்களுக்குச் சோழநாட்டுக் கரையில் பஞ்சமே இல்லை. வைத்தீஸ்வரன் கோயிலில் திருச்சாந்து உருண்டை வாங்குகிறோம். வேளாங்கண்ணிக்கு நடந்தே போகிறோம். நாகூர் தர்காவில் மந்திரித்துக் கயிறு கட்டுகிறோம்.

கடல் கடந்தும் இதே கதைதான். கியூபாவில், ஹவானாவுக்குப் பக்கத்தில் எல் ரின்கோன் என்ற ஊர். தொழுநோய் மருத்துவமனையை ஒட்டிய தேவாலயத்துக்கு ஒவ்வொரு டிசம்பர் 17-ம் தேதியும் ஜனங்கள் திரள்கிறார்கள். சிலர் முழங்காலாலேயே ஊர்ந்து வருகிறார்கள். ஊன்றுகோலோடும் நாய்களோடும் நிற்கும் ஏழை லாசரஸ்தான் அங்கே நோய் தீர்ப்பவர். அடிமைகளாகக் கப்பலில் கொண்டுபோகப்பட்ட ஆப்பிரிக்கர்கள், தங்கள் நாட்டு நோய் தெய்வமான பாபாலூ ஆயேவை அவரிடம் கண்டுகொண்டார்கள்.

உடம்பு படுத்தும்போது மனிதன் தேடுவது, தன்னைப் போலவே வலி அறிந்த ஒருவரைத்தான். வடலூருக்கு வருகிறவர்களும் அப்படித்தான் வருகிறார்கள். ஆனால், இங்கே இருக்கும் மகான், எந்த நோய் பெரியது என்ற கேள்விக்கே வேறு பதில் வைத்திருந்தார். பசி.

சித்த மருத்துவம் அறிந்தவர் வள்ளலார். கரிசலாங்கண்ணி, தூதுவளை, முசுமுசுக்கை என்று வேலியோரத்தில் கிடைக்கும் கீரைகளின் குணங்களை எழுதிவைத்தவர். எப்போது எழ வேண்டும், எப்படிச் சாப்பிட வேண்டும், எவ்வளவு தூங்க வேண்டும் என்று அன்றாட ஒழுங்குகளையும் சொன்னவர். அப்படிப்பட்டவர் வடலூரில் முதலில் கட்டியது வைத்தியசாலை அல்ல, சமையற்கட்டு. மற்ற நோய்க்கு ஊருக்கு ஒரு வைத்தியர் இருப்பார். பசிப்பிணிக்கு யார் இருக்கிறார்கள்? அதுதான் அவருடைய கவலை.

அடுப்பு மூட்டிப் பத்து வருடம்கூட ஆகவில்லை, தாது வருஷப் பஞ்சம் வந்தது. 1876 முதல் 1878 வரை தென்னிந்தியாவில் லட்சக்கணக்கானவர்கள் பட்டினியில் செத்தார்கள். பசியை நோய்களின் வரிசையில் முதலில் வைத்தது எவ்வளவு சரி என்பது அப்போது புரிந்திருக்கும்.

சாப்பிட்டவர் பரிமாறுகிறார்

அடுப்பு 21 அடி நீளம். மூன்று வேளையும் பந்தி நடக்கிறது. பெயர், ஊர், சாதி, மதம் எதுவும் கேட்பதில்லை. சற்றுத் தள்ளி இருக்கும் சத்திய ஞானசபைக்குள் புலால் உண்பவர்கள் நுழையக் கூடாது என்பது விதி. ஆனால், தருமச்சாலைப் பந்தியில் அந்தக் கேள்விக்கே இடமில்லை. பசித்தவர் எவராக இருந்தாலும் சோறு போட வேண்டும் என்பது வள்ளலாரின் கட்டளை.

டவுன்ஷிப்பில் பெரிய மருத்துவமனை இருக்கிறது. அங்கே வைத்தியம் பார்த்துக்கொண்டே வடலூரில் வேண்டிக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. ஒன்றை விட்டு ஒன்று இல்லை. அது நல்லதுதான். வேண்டுதல் என்றால், இங்கே மொட்டை, அலகு, உண்டியல் நகை எதுவும் முக்கியமில்லை. அரிசி மூட்டை கொடுக்கலாம். காய்கறி கொண்டுவரலாம். கையில் ஒன்றும் இல்லையென்றால் காய் நறுக்கலாம், இலை போடலாம், வாளி தூக்கலாம். உடம்பு சுகம் வேண்டி வந்தவர், அடுத்த பந்தியில் சாம்பார் வாளியோடு நிற்பது இங்கே சாதாரணக் காட்சி.

தனக்காக வேண்ட வந்தவரின் கையில் அடுத்தவருக்கான கரண்டியைக் கொடுத்துவிடுவது. வடலூர் வைத்தியம் அதுதான்.

ஏழு திரை, ஒரு ஜோதி

1872 ஜனவரி 25-ல் திறக்கப்பட்ட ஞானசபை, எண்கோண வடிவக் கட்டடம். உள்ளே சிலை இல்லை, விளக்கு மட்டுமே. அதன் முன்னால் ஏழு நிறத்தில் ஏழு திரைகள். மாதப் பூசத்தில் ஆறு திரைகளை விலக்குகிறார்கள். தைப்பூசத்தன்று ஏழும் விலகும். அன்றைக்கு நெய்வேலி - வடலூர் சாலையில் கால் வைக்க இடமிருக்காது. சுற்றுவட்டாரக் கிராமங்களிலிருந்து காய்கறியும் அரிசியும் சீர்வரிசையாக வரும். இரண்டு நாள் கழித்து மேட்டுக்குப்பத்தில் திருஅறை தரிசனம். 1874 ஜனவரி 30 அன்று வள்ளலார் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்ட அறை அது.

சபையைச் சுற்றியுள்ள பெருவெளி, பார்வதிபுரம் மக்கள் வள்ளலாருக்குத் தானமாகக் கொடுத்த சுமார் 80 காணி நிலத்தைச் சேர்ந்தது. 2024-ல் அங்கே சர்வதேச மையம் கட்ட அரசு வேலை தொடங்கியதும், பெருவெளி வெட்டவெளியாகவே இருக்க வேண்டும் என்று அந்த ஊர்க்காரர்கள் போராடினார்கள். விவகாரம் உயர் நீதிமன்றம் வரை போனது.

நிலம் என்பது நெய்வேலிக்காரர்களுக்கும் ஆறாத புண். சுரங்கத்துக்காக வயலையும் வீட்டையும் விட்டவர்கள் இந்தப் பக்கத்தில் ஏராளம். 2023 ஜூலையில் வளையமாதேவியில், கால்வாய் வெட்டுவதற்காக விளைந்து நின்ற நெல்லுக்குள் இயந்திரங்கள் இறங்கியதைத் தமிழ்நாடே பார்த்தது. பயிர் காய்வதைப் பார்த்து மனம் காய்ந்தவர் நடந்த மண் இது.

ஒரு நெருப்புக்கு நிலம் தானாகக் கொடுக்கப்பட்டது. இன்னொரு நெருப்புக்கு நிலம் எடுக்கப்பட்டது. இரண்டின் வெளிச்சத்திலும்தான் இந்த வட்டாரம் வாழ்கிறது.

சென்னை - கும்பகோணம் பேருந்துகள் வடலூர் வழியாகத்தான் போகின்றன. அந்த வழியாகப் போனால், நான்குமுனைச் சந்திப்பில் இறங்கித் தருமச்சாலைக்குப் போய்வாருங்கள். பந்தியில் உட்கார்ந்து சாப்பிடுங்கள். கையைக் கழுவியதும் கிளம்பிவிட வேண்டாம். அடுத்த பந்திக்கு இலை போட ஆள் தேவைப்படும்.