கற்றுக்கொடுக்கும் மருத்துவர்

நம் குடும்பங்களில் ஒரு பிள்ளை மருத்துவம் படித்து முடித்துவிட்டால், உற்றார் உறவினர் முதலில் கேட்பது, "என்ன ஸ்பெஷலிஸ்ட்?" என்பதுதான். இதயம், கண், எலும்பு என்று ஓர் உறுப்பைச் சொன்னால் அவர்கள் மனம் நிறைகிறது. "பொது மருத்துவம்" என்றாலோ, படிப்பு பாதியில் நின்றுவிட்டதோ என்று ஐயுறுகிறார்கள்.

என் தங்கை மகள் எம்.பி.பி.எஸ். நாலரை ஆண்டு, பயிற்சி மருத்துவராக ஓராண்டு, எம்.டி. பொது மருத்துவம் மூன்றாண்டு என எட்டரை ஆண்டுகள் உழைத்தவள். காவிரிப் பாசனப் பகுதியிலுள்ள அரசு மருத்துவக் கல்லூரி ஒன்றில் ஆசிரியப் பணியில் சேர அவள் விரும்பினாள். அவள் அண்ணனோ, வளைகுடா நாட்டில் நல்ல ஊதியத்தில் ஒரு வேலையைப் பேசி வைத்திருந்தான். அவன் கணக்கிலும் நியாயம் இருந்தது. தகப்பனார் இல்லாத வீடு. அவள் படிப்புக்காக வாங்கிய கடன் தீரவில்லை. "அண்ணன்தான் முடிவு சொல்ல வேண்டும்" என்று தங்கை என்னிடம் வந்தாள். தாய்மாமன் என்ற பொறுப்பில் நான் கேட்டறிந்தவற்றை, இதே நிலையிலுள்ள இல்லங்களுக்குப் பயன்படட்டும் என்று எழுதுகிறேன்.

முதலில் அவளிடமே, "பொது மருத்துவத்தில் அப்படி என்னம்மா இருக்கிறது?" என்று கேட்டேன்.

"மாமா, விடியற்காலையில் வயிற்றுவலி என்று ஒருவரைத் தூக்கி வருவார்கள். உடம்பில் காயம் தெரியாது. 'இரவு எங்கே படுத்திருந்தீர்கள்?' என்று கேட்க வேண்டும். தரையில் என்றால் கண் இமைகளைப் பார்க்க வேண்டும். இமை தளர்ந்து சரிந்திருந்தால் அது கட்டுவிரியன் கடியாக இருக்கலாம். பல நேரங்களில் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இராது. தாமதித்தால் மூச்சுத் தசைகள் செயலிழந்துவிடும். விஷமுறிவு மருந்தும் செயற்கைச் சுவாசமும் காலத்தில் கிடைத்தால் பிழைக்க வழியுண்டு. இதை எந்த உறுப்பின் நோய் என்பீர்கள்?" என்றாள்.

சேற்று வயலில் இறங்கி வேலை செய்தவர் காய்ச்சலோடு வந்தால், கண் சிவந்திருக்கிறதா, கெண்டைக்கால் சதை வலிக்கிறதா என்று பார்ப்பார்களாம். எலியின் சிறுநீர் கலந்த நீரிலிருந்து தோலின் கீறல் வழியே கிருமி நுழைந்து வரும் எலிக்காய்ச்சலாக அது இருக்கலாம். நோயாளியிடம் அவர் செய்யும் தொழிலைக் கேட்க வேண்டும் என்று இத்தாலிய மருத்துவர் ரமஸ்ஸினி 1700-இல் நூல் எழுதி வலியுறுத்தினார். நெல் விளையும் நம் நாட்டில் அந்தக் கேள்வி இன்றும் உயிர் காக்கிறது.

இத்தகைய கேள்விகளை நூலில் படிப்பது வேறு. நோயாளியின் கட்டிலருகே நின்று கற்பது வேறு. கி.பி. ஒன்பதாம் நூற்றாண்டில் பிறந்து, ரய் நகரிலும் பாக்தாதிலும் மருத்துவமனைத் தலைவராக விளங்கிய அர்ராஸி, மாணவர்களை வரிசை வரிசையாக அமர்த்தியிருப்பாராம். வந்த நோயாளியை முதலில் கடை வரிசையினர் விசாரிப்பர். அவர்களுக்கு விளங்காவிட்டால் அடுத்த வரிசை; எவருக்கும் விளங்காதபோதே ஆசான் வாய் திறப்பார். நம் காலத்தில் சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் பேராசிரியராக இருந்த டாக்டர் கே.வி. திருவேங்கடம், நோயாளியைக் கவனித்துக் கற்பிப்பதில் பெயர்பெற்ற பொது மருத்துவர். 1981-இல் பத்மஸ்ரீ விருது பெற்ற அவர் 2020-இல் காலமானார். அவரிடம் கற்ற பலர் இன்று பிறருக்குக் கற்பிக்கின்றனர்.

தஞ்சாவூர் மருத்துவக் கல்லூரி 1959-இல் தோன்றியது. திருவாரூரில் 2010-இலும் நாகப்பட்டினத்தில் 2022-இலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் வந்துவிட்டன. முன்பு தொலைவுக்குப் போய்ப் படித்த பிள்ளைகள் இப்போது வீட்டருகே படிக்கிறார்கள். கட்டடம் வந்தது, கற்பிக்கும் கைகளை யார் தருவது? நல்ல மருத்துவர்கள் எல்லாரும் கப்பல் ஏறிவிட்டால் நம் பிள்ளைகள் யாரிடம் கற்பார்கள்? பயன் தரும் கல்வியை விட்டுச் செல்வது சதகத்துல் ஜாரியா என்று நாம்தானே பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்?

கடனில் ஒரு பங்கை நான் ஏற்றேன். மீதியைத் தன் ஊதியத்திலிருந்து தவணையாக அடைக்க அவள் ஒப்பினாள். அவள் அண்ணனுக்கு முழு மனமில்லை; ஆயினும் தடை சொல்லவில்லை. அவள் பணியில் சேர்ந்துவிட்டாள். நோயாளியிடம் அனுமதி கேட்பதும், திரையை இழுத்து மறைத்துவிட்டுப் பரிசோதிப்பதும்தான் மாணவர்களுக்குத் தான் நடத்தும் முதல் பாடம் என்கிறாள்.

அன்பர்களுக்கு ஒரு வேண்டுகோள். கல்லூரி மருத்துவமனையில் நம்மவர் படுத்திருக்கும்போது, இளம் மாணவர்கள் கட்டிலைச் சூழ்ந்து, கேட்டதையே மீண்டும் கேட்டால் சலித்துக்கொள்ளாதீர்கள். தெரிந்ததைப் பொறுமையாகச் சொல்லுங்கள். நாளை நம் பேரப்பிள்ளையின் இமையை விலக்கிப் பார்த்து நோயறியும் கை, இன்ஷா அல்லாஹ், அவர்களில் ஒருவருடையதாக இருக்கலாம்.