பலகையில் ஏறாத பெயர்கள்

எங்கள் ஊர் அரசு உயர்நிலைப் பள்ளியில் தலைமையாசிரியர் அறைக்கு வெளியே ஒரு மரப்பலகை தொங்கும். பச்சைப் பெயின்டு அடித்து, வெள்ளை எழுத்தில் ஆண்டு, பெயர், 500-க்கு எடுத்த மதிப்பெண் என்று மூன்று பத்தி. பத்தாம் வகுப்பில் பள்ளி முதலாக வந்தவர் பெயர் மட்டும் அதில் ஏறும். ஆண்டுக்கு ஒருவர், அவ்வளவுதான். வெளியூர் ஆள் அதை மட்டும் பார்த்துவிட்டுப் போனால், இந்தப் பள்ளியில் பரீட்சை தவிர வேறொன்றும் நடக்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொள்வார். நடந்ததில் முக்கால்வாசி பலகைக்கு வெளியேதான் நடந்தது என்பது என் கட்சி.

கடம்பாகுளத்துப் பாசனத்தில் இருக்கிற ஊர் எங்களுடையது. ஸ்ரீவைகுண்டம் அணையில் பிரியும் தென்கால்தான் குளத்துக்குத் தாமிரபரணித் தண்ணீர் கொண்டுவரும். நெல், வாழை, அங்கங்கே வெற்றிலைக் கொடிக்கால். தெற்கே சைக்கிளை மிதித்தால் செக்கச்செவேலென்று தேரி மணல்காடு தொடங்கிவிடும். நான் படித்தது 1990-களின் முன்பாதியில். அப்போது எங்களுக்குச் சிதம்பரனார் மாவட்டம். 1986-இல் நெல்லையிலிருந்து பிரித்தபோது வைத்த பெயர். 1997-இல்தான் தூத்துக்குடி மாவட்டம் என்று மாறியது. அந்தக் காலத்துச் சான்றிதழை இப்போது எங்கேயாவது நீட்டினால், கவுன்ட்டரில் இருக்கிற தம்பி, "இது எந்த மாவட்டம் சார்?" என்று கேட்கிறார்.

கபடியிலிருந்து தொடங்குகிறேன். எங்கள் பக்கத்தில் வேறெதிலிருந்து தொடங்கினாலும் சண்டைக்கு வருவார்கள்.

பள்ளிக்கு என்று ஆடுகளம் கிடையாது. பின்பக்கம் வேப்பமரங்களுக்கு நடுவே ஒரு கட்டாந்தரை. கோடையில் குளம் வற்றியதும் ஊர்க்காரர்கள் வயலுக்கு வண்டல் அள்ளுவார்கள். அதில் ரெண்டு வண்டியைப் பள்ளிப் பக்கம் திருப்பிவிடச் சொல்லி பி.டி. சார் யாரையாவது பிடித்துவிடுவார். அதோடு தேரி மணலைக் கலந்து, தண்ணீர் தெளித்து, எல்லோரும் வரிசையாக நின்று மிதிப்போம். பிறகு கயிறு பிடித்துச் சுண்ணாம்புக் கோடு. விழுந்தால் தோல் உரியாத களம் அப்படித்தான் எங்களுக்குக் கிடைத்தது. தேரிச் சிவப்பு பனியனில் ஏறினால் எந்த சோப்புக்கும் போகாது. எந்த வீட்டுக் கொடியில் சிவந்த பனியன் காய்கிறதோ, அந்த வீட்டில் ஒரு கபடிக்காரன் இருக்கிறான் என்று ஊர் தெரிந்துகொள்ளும்.

எல்லோருக்கும் பாடிப் போகத்தான் ஆசை. கைத்தட்டு முழுக்க அவனுக்குத்தானே. சார் அதை ஒத்துக்கொள்ளவே மாட்டார். "பாடிப் போறவன் தொட்டுட்டு ஓடி வந்துருவான். பிடிக்கிறவன் அங்கேயே நிக்கணும்லே. எவனுக்குப் பொறுப்பு ஜாஸ்தி?" என்பார். அவர் அணி கட்டியது ரெண்டு கார்னரையும் வைத்துத்தான். பாடி வருகிறவன் எங்கள் பக்கத்துக் குறுக்குக் கோட்டை ஒரு தடவையாவது தாண்டியே தீர வேண்டும். தாண்டாமல் திரும்பினால் அவனே அவுட். ஆகவே அவன் உள்ளே வருவான், வந்தே ஆகவேண்டும். அவசரப்பட்டு முன்னால் பாயாமல், அவன் ஒரு காலை நீட்டும்வரை பின்கோட்டருகே காத்திருக்க வேண்டும். நீட்டிய கால் தரையில் படுகிற நேரம் பார்த்துக் கணுக்காலில் விழ வேண்டும். கார்னர் விழுந்த கையோடு மற்றவர்கள் மேலே விழுந்து மூடிவிட வேண்டும். ஒருவன் தாமதித்தாலும் பாடி வந்தவன் இழுத்துக்கொண்டே நடுக்கோட்டைத் தொட்டுவிடுவான். தொட்டுக்கொண்டிருந்த அத்தனை பேரும் அவுட். காத்திருப்பதுதான் அதில் கடினம். பதினைந்து வயதுப் பையனுக்குக் காத்திருக்கச் சொல்லித் தருவது சாதாரண வேலை இல்லை.

குறுவட்டப் போட்டிக்குத் திருச்செந்தூர் பாசஞ்சரில் போவோம். அப்போது மீட்டர் கேஜ். டவுன் பள்ளிக்காரர்கள் எண் போட்ட ஜெர்சியில் வந்து இறங்குவார்கள். எங்கள் முதுகில் சாரே சாக்பீஸைத் தண்ணீரில் நனைத்து எண் எழுதிவிடுவார். முதல் ஆட்டம் முடிவதற்குள் அது அழிந்துபோகும். நடுவர் விசில் ஊதிக் கூப்பிட்டு, "நீ எத்தனாம் நம்பர்ப்பா?" என்று கேட்பார். இப்படித்தான் குறுவட்டக் கோப்பையை வென்றோம். அடுத்த கட்டமான கல்வி மாவட்டத்திலும் ஜெயித்து, மாவட்டப் போட்டியில் தோற்றோம். எங்களைவிட நன்றாக ஆடினார்கள், தோற்றோம். அதற்குமேல் அதில் சொல்ல ஒன்றுமில்லை.

1990-இல் பெய்ஜிங் ஆசியப் போட்டியில் கபடி முதன்முதலாகப் பதக்க ஆட்டமானது. அந்தச் செய்தி எங்கள் ஊரைப் பெரிதாக அசைக்கவில்லை. 1994 அக்டோபரில் ஹிரோஷிமாவில் இந்தியா தங்கம் வென்றபோது கதை வேறு. அந்த அணியில் மணத்தி கணேசன் இருந்தார். மணத்தி எங்கள் பக்கத்து ஊர், சைக்கிளில் போய்வருகிற தூரம். டீக்கடைப் பேப்பரைக் கிழித்துக்கொண்டு வந்து ஒருவன் பிரார்த்தனைக் கூட்டத்திலேயே தலைமையாசிரியர் கையில் கொடுத்தான். அவர் மைக் இல்லாமலே உரக்க வாசித்தார். அந்த வாரம் ஒரு பையனின் அப்பா பள்ளிக்கு வந்தார். கபடி ஆடியதற்காக மகனை வாழைச் சருகுக் கயிற்றால் விளாசியவர் அவர். பி.டி. சாரைத் தனியாகக் கூப்பிட்டு, "இதுல சர்க்கார் உத்தியோகம் கெடைக்குமா சார்?" என்று விசாரித்தார். போலீஸிலும் ரயில்வேயிலும் விளையாட்டுக்காரர்களை எடுப்பார்கள் என்று சார் சொன்னதும், மறுநாளிலிருந்து அந்தப் பையனுக்கு வீட்டில் தினம் ஒரு முட்டை. 1995-ஆம் ஆண்டுக்கான அர்ஜுனா விருதும் கணேசனுக்கு வந்தது. அவர் வாழ்க்கையைத் தழுவி 2025-இல் 'பைசன்' படம் வந்தபோதுதான் வெளியுலகம் எங்கள் பக்கத்து ஊர்களின் பெயர்களைக் கேட்டது. எங்களுக்கு அது முப்பது வருஷத்துப் பழைய செய்தி.

பெண் பிள்ளைகளின் கோ-கோ அணியைப் பற்றி யாரும் இவ்வளவு பேச மாட்டார்கள். பேச வேண்டியது அதைப் பற்றித்தான். ஒன்பதாம் வகுப்பு வந்துவிட்டால் சீருடை தாவணி. தாவணியோடு கோ-கோ ஆடிப் பார்த்தவர்களுக்குத்தான் அந்தக் கஷ்டம் தெரியும். எட்டுப் பேர் மாறி மாறி எதிர்த்திசை பார்த்துக் குந்தியிருக்க, ஒன்பதாவது ஆள் விரட்ட வேண்டும். திரும்பி ஓடக் கூடாது, உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஊடே புகக் கூடாது. 'கோ' கிடைத்த நொடியில் எழுந்து பாய வேண்டும். எங்கள் பிள்ளைகள் தாவணியை இடுப்பில் சுற்றி இறுக்கி, ஊக்குப் போட்டுக்கொண்டு ஆடினார்கள். லீவு நாளில் நடவுக்குப் போகிற பிள்ளைகள்; குனிந்து நிமிர்வதும் குந்தி எழுவதும் அவர்களுக்கு யாரும் சொல்லித் தர வேண்டியிருக்கவில்லை. அணியைப் பார்த்துக்கொண்ட டீச்சருக்கு இருந்த பெரிய வேலை களத்துக்கு வெளியே. பிள்ளை ஆளானதும் வீட்டில் நிறுத்திவிடுவார்கள். டீச்சர் வீடு வீடாகப் போய், அம்மாவிடம் பேசாமல், நேரே ஆச்சியிடம் பேசுவார். ஆச்சி சம்மதித்துவிட்டால் அந்த வீட்டில் வேறு யாரும் மறுக்க முடியாது. சில ஆச்சிகள் போட்டிக்கே துணையாக வந்து, மைதான ஓரத்தில் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்து, நடுவரை ஏசியதும் உண்டு.

அந்த அணியில் ஆடிய ஒரு பெண்தான் எங்கள் பள்ளியிலிருந்து முதன்முதலாக ஊரகத் திறனாய்வுத் தேர்வில் வந்தவர். ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் கிராமத்துப் பிள்ளைகளுக்கான தேர்வு அது. மாவட்டத்துக்கு 50 ஆண்கள், 50 பெண்கள். தேறியவர்களுக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடிய ஆண்டுக்கு 1,000 ரூபாய். அந்தப் பணம் இல்லாவிட்டால் அவரைப் பத்தாம் வகுப்போடு நிறுத்தியிருப்பார்கள். பலகையில் அவர் பெயர் இல்லை. பத்தாம் வகுப்பில் அவர் இரண்டாவது.

பத்தாம் வகுப்பு முடிவு என்றதும் மாலைமுரசுதான் நினைவுக்கு வருகிறது. தேறியவர்களின் எண்கள் மட்டும் பொடி எழுத்தில் வரிசையாக வரும். பஸ் ஸ்டாப்பில் பேப்பர் கட்டு விழுந்ததும் பத்துப் பேர் ஒரே பேப்பரில் கவிழ்வோம். எண் இல்லாதவன் சத்தமில்லாமல் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விடுவான். அவன் எந்தப் பக்கம் போகிறான் என்று கவனிக்க நாலு பேரைத் தமிழய்யா அனுப்பி வைப்பார். பள்ளியின் தேர்ச்சி விழுக்காட்டைவிட இது முக்கியமான கணக்கு என்று எனக்கு இப்போது படுகிறது.

தமிழய்யா பொறுப்பில்தான் இலக்கிய மன்றம். வெள்ளிக்கிழமை கடைசிப் பிரிவேளை. பேச்சுப் போட்டிக்கு எங்கள் மாவட்டத்துப் பிள்ளைகளுக்குத் தலைப்புப் பஞ்சம் வந்ததே இல்லை. எட்டயபுரம், ஒட்டப்பிடாரம், பாஞ்சாலங்குறிச்சி மூன்றும் கூப்பிடு தூரம். ஆண்டு விழாவில் ஜாக்சன் துரையாக நடிக்கத்தான் ஆள் கிடைக்காது. கட்டபொம்மனுக்கு ஏழெட்டுப் பேர் மீசையோடு நிற்பார்கள்.

அய்யா தொடங்கிய இன்னொரு வேலை கையெழுத்துப் பத்திரிகை. அரைத்தாள் வெள்ளைக் காகிதம், கோந்து, ஸ்கெட்ச் பேனா. ஆண்டுக்கு ஓர் இதழ், அதுவும் ஒரே ஒரு பிரதி. கவிதை எழுதிக் கொண்டுபோனால் வாங்கி ஓரமாக வைத்துவிட்டு, "உன் ஆச்சிகிட்ட ஒரு கதை கேட்டு எழுதிட்டு வா, அதுக்கப்புறம் உன் கவிதையைப் பாப்போம்" என்பார். அப்படிச் சேர்ந்தவை கொஞ்சநஞ்சமல்ல: நடவுப் பாட்டு, வாழை ரகங்களுக்கு ஊர்ப் பெயர்கள், கொடிக்கால் வேலை, குளம் உடைந்த கதை, தேரியில் வழி தப்பியவர்களின் கதை. எங்கள் கவிதைகளுக்குக் கடைசிப் பக்கத்தில் இடம் கிடைக்கும். நியாயமான இடம்தான்.

வரலாற்று ஆசிரியர் ஒருமுறை எங்களை ஆதிச்சநல்லூருக்குக் கூட்டிப் போனார். நெல்லை–திருச்செந்தூர் சாலையை ஒட்டிய பரம்பு, 114 ஏக்கர். அலெக்சாண்டர் ரீ அங்கே தாழிகளைத் தோண்டியெடுத்தது 1899 முதல் 1905 வரை. நாங்கள் போன காலத்தில் அங்கே வேலியும் இல்லை, விளக்கப் பலகை என்று சொல்லும்படி ஒன்றும் இல்லை, ஆடு மேய்ந்துகொண்டிருந்தது. கால் வைத்த இடமெல்லாம் கறுப்பு சிவப்பு ஓடுகள். "ஒண்ணையும் எடுக்கப்புடாது, குனிஞ்சு பாத்துட்டு நிமிந்துருங்க" என்று சார் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். எடுக்காமல் படம் வரைந்தோம். அந்த ஆண்டுப் பத்திரிகையில் பதினாறு பக்கம் ஓட்டுச் சில்லுப் படங்கள்தான். 2004-இல் அங்கே மறுபடி அகழாய்வு தொடங்கி, பேப்பர்களெல்லாம் எழுதியபோது எனக்கு அந்தப் பக்கங்கள்தான் நினைவுக்கு வந்தன.

1992 நவம்பர் வெள்ளத்தில் ஆற்றங்கரை ஊர்க்காரர்கள் எங்கள் பள்ளிக்கு வந்து தங்கினார்கள். வகுப்பறைகளில் மாடு, கோழி எல்லாம் இருந்தன. சத்துணவுக் கூடத்து அடுப்பு ராத்திரியும் எரிந்தது. விறகு நனைந்துபோனதால் உடைந்த பெஞ்சுகளை வெட்டிக் கொடுத்தோம். கபடி அணியும் சாரணர் பையன்களும் சேர்ந்து வயதானவர்களைத் தோளில் தூக்கி வந்தார்கள். இதற்கு யாரும் சான்றிதழ் கொடுக்கவில்லை, நாங்களும் எதிர்பார்க்கவில்லை. கோப்பையைக் காட்டி ஒரு பள்ளியை மெச்சுகிறவர்கள் இதையும் ஒரு சாதனையாகச் சேர்த்துக்கொள்ள வேண்டும் என்பேன்.

மறுபடி ஒரு வெள்ளம் வந்தது. 2023 டிசம்பர் 17, 18. காயல்பட்டினத்தில் 24 மணி நேரத்தில் 95 சென்டிமீட்டர் மழை. செந்தூர் எக்ஸ்பிரஸ் சுமார் 800 பயணிகளோடு ஸ்ரீவைகுண்டம் ஸ்டேஷனில் நின்றுபோனது. எங்கள் பள்ளியில் தண்ணீர் ஜன்னல் வரை ஏறியது. சேர்க்கைப் பதிவேடுகளைப் பரண்மேல் வைத்திருந்ததால் அவை தப்பின. பீரோவின் கீழ்த்தட்டில் இருந்த கையெழுத்துப் பத்திரிகைகள், அணிப் புகைப்படங்கள், போட்டிச் சான்றிதழ் நகல்கள் எல்லாம் கூழாகிவிட்டன. மையால் எழுதியது, என்ன மிஞ்சும்? மரப்பலகைக்கு ஒன்றும் ஆகவில்லை, உயரத்தில் மாட்டியிருந்தார்கள்.

இப்போது பழைய மாணவர்கள் சிலர் சேர்ந்து, போனதைத் திரட்டத் தொடங்கியிருக்கிறோம். படித்தவர் யாரானாலும், எந்த ஆண்டானாலும் சரி. அணிப் புகைப்படம், கிழிந்த சான்றிதழ், ஆண்டு விழா அழைப்பிதழ், பத்திரிகைக்கு எழுதிப் பார்த்த கரடுநோட்டு, எது வீட்டுப் பரணில் கிடந்தாலும் கொண்டு வாருங்கள். பிடுங்கி வைத்துக்கொள்ள மாட்டோம். படம் எடுத்துக்கொண்டு கையோடு திருப்பித் தந்துவிடுவோம். ஒன்றுமில்லாவிட்டாலும் வாருங்கள். அன்றைக்கு யார் எந்த கார்னரில் நின்றார்கள், கோ-கோவில் யார் கடைசியாக விரட்டினார்கள் என்று பெயர் சொன்னால் போதும், எழுதிக்கொள்கிறோம். சொல்லத் தெரிந்த ஆச்சிகள் குறைந்துகொண்டே வருகிறார்கள், சீக்கிரம் வாருங்கள்.