கார்டா ஏரியில் பறக்கும் மனிதர்கள்

இத்தாலி தேசத்துக்குப் போகிறவர்கள் ரோமாபுரியைப் பார்ப்பார்கள். வெனிஸ் நகரில் படகு ஏறுவார்கள். பைசா நகரத்துச் சாய்ந்த கோபுரத்தைத் தாங்கிப் பிடிப்பதுபோல் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு ஊர் திரும்புவார்கள். வடக்கே, ஆல்ப்ஸ் மலையின் மடியில் கிடக்கிறது கார்டா ஏரி. அங்கே மனிதர்கள் தண்ணீருக்கு மேலே இரண்டடி உயரத்தில் பறக்கிறார்கள் என்று சொன்னால் நம்புவீர்களா? எஞ்சின் கிடையாது, இழுத்துச் செல்லும் படகு கிடையாது, சத்தம்கூடக் கிடையாது. மந்திரமா, மாயமா என்று கேட்காதீர்கள். இரண்டும் இல்லை. எல்லாம் ஒரு சின்னக் கணக்கு!

மலைக்கு நடுவே ஒரு கடல்

வெரோனா நகரில் ரயில் ஏறி ரோவெரேட்டோ என்னும் ஊரில் இறங்கி, அங்கிருந்து பஸ்ஸில் போக வேண்டும். நாகோ என்ற கிராமத்தைத் தாண்டியதும் பாதை ஒரு வளைவு வளைகிறது. சட்டென்று காலடியில் ஏரி! இரு புறமும் செங்குத்தான மலைகள். நடுவே நீலப் பட்டுப் புடவையை உதறி விரித்தாற்போல் தண்ணீர். இத்தாலியிலேயே பெரிய ஏரி இதுதான். நீளம் சுமார் 52 கிலோமீட்டர். பரப்பு 370 சதுர கிலோமீட்டர். ஆழமோ 346 மீட்டர்! இருபது மீட்டர் உயரமுள்ள தென்னை மரங்கள் பதினேழை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாலும் உச்சிக் குருத்து வெளியே தெரியாது.

ஏரியின் வடகோடியில் இருக்கும் சின்ன ஊர் டோர்போலே. இந்தப் பக்கம் தனியார் மோட்டார்ப் படகுகளுக்குத் தடை. ஆகவே ஏரியில் காற்று வைத்ததுதான் சட்டம்.

அந்தக் காற்றைப் பற்றி அவசியம் சொல்ல வேண்டும். இரவிலும் காலையிலும் மலைப் பக்கத்திலிருந்து வடகாற்று வீசும். அதற்குப் பெலேர் என்று பெயர். வெயில் ஏறியதும் மலைச் சரிவுகளும் பள்ளத்தாக்குகளும் சூடாகி, அங்குள்ள காற்று மேலே கிளம்புகிறது. அந்த இடத்தை நிரப்பத் தெற்கேயிருந்து குளிர்ந்த காற்று ஏரியின்மேல் ஓடிவருகிறது. இது ஓரா. மலைகள் இரு பக்கமும் நெருக்குவதால், புனலில் ஊற்றிய எண்ணெய்போல் காற்று வடகோடியில் வேகம் கூடிப் பாய்கிறது. வானம் தெளிவாக இருந்தால் மத்தியானம் ஓரா வந்தே தீரும். நம் வீட்டுப் பால்காரர்கூட அவ்வளவு தவறாமல் வருவதில்லை!

ஜெர்மானிய மகாகவி கதே, 1786-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் டோர்போலேயில் தங்கி, இந்த இரண்டு காற்றுகளையும் கவனித்து எழுதியிருக்கிறார். மறுநாள் படகில் தெற்கே கிளம்பியவரை எதிர்க்காற்று மால்செஸினே என்னும் ஊரில் கரை ஒதுக்கிவிட்டது. அங்கிருந்த பழைய கோட்டையை அவர் படம் வரைய, ஊரார் ஒற்றன் என்று சந்தேகித்துச் சூழ்ந்துகொண்டார்கள். மகாகவி பேசித் தப்பினார். கார்டா ஏரியில் காற்றை அலட்சியம் செய்ய முடியாது என்பதற்கு அப்போதே அத்தாட்சி!

பாயில் அல்ல, ஃபாயில்!

இந்த விளையாட்டுக்கு விங் ஃபாயில் என்று பெயர். பாயில் படுத்துப் புரள்கிறவர்களுக்கு ஏற்றது அல்ல! ஹவாய்த் தீவுகளில் முளைத்து, 2019-ஆம் ஆண்டுக்குப் பிறகு உலகெங்கும் பரவியது.

கையில் காற்றடைத்த ஒரு சிறகு. அதுதான் காற்றைப் பிடித்து ஆளை இழுக்கிறது. காலடியில் ஒரு பலகை. பலகையின் அடியில் முக்கால் மீட்டர் நீளத்துக்கு ஒரு கம்பம் தண்ணீருக்குள் இறங்குகிறது. கம்பத்தின் அடியில், ஆகாய விமானத்தின் பொம்மையைப்போல், முன்னால் பெரிய இறக்கை, பின்னால் சின்ன இறக்கை. வேகம் பிடித்ததும், விமானத்தை ஆகாயத்தில் தூக்குவது எதுவோ அதுவே இங்கே தண்ணீருக்குள் வேலை செய்கிறது. முன் இறக்கை மேலே தூக்குகிறது. பின் இறக்கை நிலை தடுமாறாமல் காக்கிறது. பலகை தண்ணீரை விட்டு எழும்பிவிடுகிறது. அதன் பிறகு அலையின் தட்டல் கிடையாது. வெண்ணெயில் கத்தி போவதுபோல் வழுக்கிக்கொண்டு போகலாம்.

யோசனை பழையதுதான். 1906-ஆம் ஆண்டிலேயே என்ரிகோ ஃபோர்லானினி என்ற இத்தாலியர், இதே நாட்டின் மஜ்ஜோரே ஏரியில் இறக்கை பூட்டிய படகை ஓட்டிக் காட்டினார். டெலிபோனைக் கண்டுபிடித்த கிரஹாம் பெல் அதில் ஏறிப் பார்த்து மயங்கியவர். அவரும் அவருடைய கூட்டாளி பால்ட்வினும் செய்த படகு 1919-இல் கனடாவில் மணிக்கு சுமார் 114 கிலோமீட்டர் வேகத்தில் பறந்தது.

விமான இறக்கை எவ்வளவு பெரிது! இங்கே தண்ணீருக்குள் இருப்பதோ அலுவலகத்தில் உபயோகிக்கும் வெள்ளைக் காகிதம் மூன்றைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்த அளவுதான். அது ஓர் ஆளைத் தூக்குமா? தூக்கும். தண்ணீர் காற்றைவிட ஏறக்குறைய எண்ணூறு மடங்கு கனமானது அல்லவா?

ஒரு தம்பதியும் இரண்டு இறக்கைகளும்

ஏரிக்கரையில் சாமான்களை வாடகைக்குக் கொடுத்துப் பயிற்சியும் தரும் இடங்கள் உண்டு. ஒரு நாள் மத்தியானம் அப்படிப்பட்ட ஒரு கொட்டகையின் வாசலில் நின்றிருந்தேன். ஜெர்மானியத் தம்பதி ஒன்று வந்திருந்தது. கணவர் ஆஜானுபாகு, 90 கிலோ. முதல் நாளே 1800 சதுர சென்டிமீட்டர் இறக்கையில் எழும்பிப் பறந்துவிட்டார். அந்தப் பெருமையில் அதே இறக்கையை மனைவியிடம் கொடுத்தார்.

அந்த அம்மாள் ஒல்லியானவர். ஓரா நன்றாக வீசிக்கொண்டிருந்தது. பலகை எழும்பியதுதான் தாமதம், நிற்காமல் மேலே மேலே போயிற்று. இறக்கை தண்ணீருக்கு வெளியே எட்டிப் பார்த்தது. அவ்வளவுதான், பிடிமானம் போய், ஆசாமி தலைகுப்புற விழுந்தார். மறுபடி ஏறினார், மறுபடி விழுந்தார்.

"முன்காலை அழுத்து! பயப்படாதே!" என்று கரையிலிருந்து கணவர் கத்தினார்.

பத்துத் தடவை விழுந்த பிறகு அந்த அம்மாள் கரையேறினார். உதடு நீலம் பாரித்திருந்தது. "எனக்கு இது வராது. நாளையிலிருந்து நீங்கள் பறந்துகொள்ளுங்கள், நான் கரையில் உட்கார்ந்து புத்தகம் படிக்கிறேன்" என்றார். குரலில் கோபம் இல்லை; தன்னைப் பற்றியே ஒரு முடிவுக்கு வந்துவிட்ட சலிப்பு இருந்தது.

பயிற்சி தரும் பெண்ணுக்கு இருபத்தைந்து வயது இருக்கும். அவள் பக்கத்தில் வந்து, பெண்களிடம் கேட்கக்கூடாத கேள்வியைக் கேட்டாள்: "உங்கள் எடை என்ன, அம்மணி?"

"52 கிலோ."

"உங்களுக்குத் தைரியம் குறையவில்லை. இறக்கைதான் கூடிப்போயிற்று" என்று சொல்லிவிட்டு, திருகாணிகளைக் கழற்றி 1800-ஐ எடுத்துவிட்டு 1200-ஐப் பூட்டினாள்.

அடுத்த கால் மணி நேரத்தில் அந்த அம்மாள் ஓர் அடி உயரத்தில், நேராக, நிதானமாக, இருநூறு மீட்டர் தூரம் போனார். திரும்பி வந்தபோது அவர் முகத்தைப் பார்க்க வேண்டுமே! புத்தகம் படிக்கிற பேச்சு அத்தோடு போயிற்று.

கணவர் சும்மா இருப்பாரா? சின்ன இறக்கைதான் உசத்தி போலிருக்கிறது என்று அதை வாங்கிப் பூட்டிக்கொண்டார். குளத்தில் இறங்கிய எருமை கரையேற மறுப்பதுபோல, பலகை கடைசிவரையில் தண்ணீரை விட்டு எழும்பவே இல்லை!

கணக்கு இதுதான்

இறக்கையின் பரப்பு இரு மடங்கானால் தூக்கும் சக்தியும் இரு மடங்கு. ஆனால் வேகம் இரு மடங்கானால் சக்தி நான்கு மடங்கு! பெரிய இறக்கை மெதுவாகப் போகும்போதே ஆளைத் தூக்கிவிடும்; வேகம் கூடினால் தேவைக்கு மேல் தூக்கித் தள்ளிவிடும். பாதிப் பரப்புள்ள இறக்கைக்கு ஏறக்குறைய ஒன்றரை மடங்கு வேகம் கொடுத்தால்தான் எழும்பும். அந்த வேகத்தைப் புதிதாகக் கற்கிறவரால் எட்ட முடியாது.

ஆகவே கற்கிறவருக்கு, உடல் எடையில் கிலோவுக்கு 20 முதல் 24 சதுர சென்டிமீட்டர் வரையில் என்று அந்தப் பெண் கணக்கு வைத்திருந்தாள். 90 கிலோவுக்கு 1800. 52 கிலோவுக்கு 1200. எடை குறைந்தவருக்குக் கொஞ்சம் தாராளமாகக் கொடுப்பதற்குக் காரணம் உண்டு. பலகையும் மற்றச் சாமான்களும் அவர்களுக்காக இளைத்துப்போவதில்லையே!

வீட்டில் பிள்ளை வளர வளரச் சட்டை பெரிதாகும். இங்கே ஆள் தேறத் தேற இறக்கை சிறிதாகும். 75 கிலோ எடையுள்ளவர் 1600 அல்லது 1800-இல் ஆரம்பித்தால், பழகிய பின் 1100, 1300 என்று இறங்குவார். கைதேர்ந்த பிறகு பலத்த காற்றில் 700, 900 போதும். சின்ன இறக்கையில் வேகமும் திருப்பமும் அதிகம். அதனால் முதல் இறக்கையை விலை கொடுத்து வாங்கிவிடாமல், வாடகைக்கு எடுத்துப் பழகுவதே புத்திசாலித்தனம்.

காற்று பலமாக இருந்தால்? அதற்கு முதலில் கையிலுள்ள சிறகைச் சிறியதாக்க வேண்டும். மேலே இருப்பது காற்றுக்கு. கீழே இருப்பது எடைக்கும் வேகத்துக்கும். இரண்டையும் குழப்பிக்கொண்டால் கஷ்டம்.

உருவமும் முக்கியம். ஒரே பரப்பில் நீண்டு ஒடுங்கிய இறக்கை வெகுதூரம் வழுக்கிப் போகும். ஆனால் வேகம் குறைந்தால் திடீரென்று கைவிட்டுவிடும். குட்டையாக அகன்றது, பொறுமைசாலி. சின்னத் தவறுகளை மன்னிக்கும். ஆரம்பத்துக்கு அதுவே நல்லது. அடியிலுள்ள இறக்கையின் விளிம்பு கூர்மையானது என்பதையும் மறக்கலாகாது. தலைக்கவசமும் மிதவைச் சட்டையும் இல்லாமல் ஏரியில் இறங்கக்கூடாது. விழும்போது பலகையை விட்டு விலகி விழ வேண்டும்.

சாயங்காலம் ஓரா ஓய்ந்ததும் கொட்டகைச் சுவரில் இறக்கைகளை வரிசையாக மாட்டிவைக்கிறார்கள்: 1800, 1500, 1200, 900. ஆழாக்கு, உழக்கு, உரி, படி என்று நம் பாட்டிமார் அடுக்கிவைத்த அளவைகள்தான் நினைவுக்கு வருகின்றன. பத்துப் பேருக்குப் போடுகிற அரிசியை இரண்டு பேருக்குப் போட்டுவிட்டு, பானை பொங்கி வழிகிறதே என்று பானையைத் திட்டுவாருண்டா? ஆள் பார்த்து அளந்து உலை வைக்கத் தெரிந்த நம் வாசகிகளுக்கு, கார்டா ஏரியின் இந்தக் கணக்கு ஒன்றும் புதிதல்லவே!