எதிர் புளோக் அக்காவின் முறுக்கு

அக்கா சுத்துற கைமுறுக்குல ஒரு சுத்துகூடப் பிரியாது. விரல் நுனியெல்லாம் எண்ணெய் மினுமினுப்பு.

ஆனா தீபாவளி ஆர்டர் எடுக்கப் பயப்படுறாங்க.
"வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழகம்) வீட்டையே பிடுங்கிடுமாமே?"

இல்லக்கா!
சிங்கப்பூர்ல வீட்ல சின்ன அளவுல சமைச்சு விக்க வீவக அனுமதியே வேணாம். உணவு உரிமமும் வேணாம்.

வாசல்ல பலகை மாட்டக்கூடாது, அக்கம்பக்கத்துக்குத் தொந்தரவு கூடாது. நியாயம்தான், தாழ்வாரம் எல்லாருக்கும் பொதுதானே.

ஆனா அந்த வீட்ல குடியிருக்கவங்க மட்டும்தான் வேலை செய்யலாம், வெளியாள் கூடாதுங்கிறது மனசை உறுத்துது.
அக்கா தனியா இருக்காங்க. மாவு பிசைய ஒரு ஆள் வேணும்.

பண்டிகை மாசத்துக்காவது ஒருத்தரை வச்சுக்க விடணும்.
நீங்க என்ன சொல்றீங்க?