பேர வாவிக் கரையில் சற்று நேரம்



கொழும்புக்கு வந்தால் பிள்ளைகளைக் காலி முகத்திடலுக்கு அழைத்துச் செல்வீர்கள். ஆனால் அதற்குப் பின்புறம், கொம்பனித் தெருவைச் சுற்றி வளைந்து கிடக்கும் பேர வாவியை நின்று பார்ப்பவர்கள் மிகக் குறைவு. பஸ் வாவியோரமாகத் திரும்பும்போது முக்காட்டுத் துணியால் மூக்கைப் பொத்திக்கொள்வதோடு சரி. இம்முறை என்னோடு கொஞ்சம் இறங்கி நில்லுங்கள்.

இது இயற்கையாக உண்டான வாவியல்ல. 16ஆம் நூற்றாண்டில் போர்த்துக்கேயர் தம் கோட்டையைக் காப்பதற்காக நீரோடையை மறித்து உருவாக்கியது. ஒல்லாந்தர் தமது அடிமைகளை இரவில் அடைத்து வைத்த இடம்தான் பின்னர் ஆங்கிலத்தில் 'ஸ்லேவ் ஐலண்ட்' எனப் பெயர் பெற்றது. அவர்கள் தப்பிச் செல்லாதபடி வாவியில் முதலைகள் இருந்தன என்றும் சொல்வார்கள். ஆங்கிலேயர் காலத்தில் சரக்குப் படகுகள் இவ்வழியே துறைமுகம் சென்றன.

நமக்கும் இந்த நீருக்கும் பழைய உறவு உண்டு. கொம்பனித் தெருவின் வேகந்த ஜும்ஆப் பள்ளிவாசல் 18ஆம் நூற்றாண்டில் எழுந்தது. 'வேகந்த' என்னும் சிங்களச் சொல்லுக்குக் குளக்கட்டு என்பதே பொருள். வாவிக் கரையில்தான் மலாய், சோனக முஸ்லிம்கள் தலைமுறை தலைமுறையாகக் குடும்பம் நடத்தினார்கள்.

ஒரு காலத்தில் சுமார் 165 ஹெக்டயராக இருந்த வாவி, நிரப்பப்பட்டு நிரப்பப்பட்டு இன்று சுமார் 65 ஹெக்டயராகச் சுருங்கிவிட்டது. 2022இல் பொதுமக்களுக்குத் திறக்கப்பட்ட தாமரைக் கோபுரமும் இதன் கரையில்தான் நிற்கிறது. கோபுரத்தை அண்ணாந்து பார்ப்பவர்கள் கீழே குனிந்தால் தெரிவது என்ன? பச்சைச் சாயம் கரைத்தாற்போன்ற தண்ணீர்.

அந்தப் பச்சை எப்படி வந்தது? மலசலகூடக் கழிவிலும் சமையலறைக் கழிவிலும் நைதரசனும் பொஸ்பரசும் உண்டு. வயலுக்குப் போடும் பசளையிலும் இருப்பவை இவைதான். இவை நீரில் சேர்ந்தால் நுண்ணிய நீலப்பச்சைப் பாசி பெருகுகிறது. பகலில் ஒட்சிசனை வெளியிடும் இப்பாசி இரவில் அதையே உள்ளிழுக்கிறது. செத்தபின் அழுகும்போது இருப்பதையும் தீர்த்துவிடுகிறது. மீன்கள் மூச்சுக்குத் திணறி மிதக்கின்றன. ஒட்சிசன் அற்ற அடிச்சேற்றிலிருந்துதான் அந்தத் துர்நாற்றம் எழுகிறது. பாசி வகைகளில் 'மைக்ரோசிஸ்டிஸ்' என்பது ஈரலைப் பாதிக்கும் நஞ்சைச் சுரக்கக்கூடியது. தண்ணீரைக் கொதிக்க வைத்தாலும் அந்த நஞ்சு அழியாது. வாவியில் தூண்டில் போட்டுப் பிடிக்கும் திலாப்பியாவைச் சட்டியில் போடுமுன் இதை நினைத்துக்கொள்ளுங்கள்.

மத்ரஸாவில் ஃபிக்ஹ் பாடத்தின் தொடக்கமே தண்ணீர்தான். இரண்டு குல்லத்து அளவை எட்டிய நீரில் நஜீஸ் விழுந்தாலும், நிறம், சுவை, வாடை மூன்றில் ஒன்றும் மாறாதவரை அது அசுத்தமாகாது என்று நம் ஷாபிஈ மத்ஹபில் படித்துக் கொடுக்கிறோம். பாசியினால் மட்டும் நிறம் மாறினால் நீர் கெடுவதில்லை என்பதும் அதே பாடத்தில் உண்டு. ஆனால் இங்கே பாசியை வளர்ப்பதே மனிதக் கழிவல்லவா? தேங்கி நிற்கும் நீரில் சிறுநீர் கழிப்பதை நபி (ஸல்) அவர்கள் தடுத்தார்கள். ஒரு தனி மனிதனின் செயலுக்கே தடை என்றால், வரிசை வரிசையாக வீடுகளின் குழாய்களைத் தேங்கிய நீரை நோக்கித் திருப்பி விடுவதை என்னவென்பது?

வாவியின் நோய்க்கு மூலகாரணம் அதுதான். நூறாண்டுக்கு மேற்பட்ட கழிவுக் குழாய்த் தொகுதி இன்றைய கொழும்பின் சனத்தொகையைத் தாங்கவில்லை. மழைநீருக்கென்று வெட்டிய கான்களில் வீடுகளும் கடைகளும் கள்ளத்தனமாகக் கழிவுக் குழாய்களைப் பொருத்தியிருக்கின்றன. கானில் விழுவது வாவியில் முடிகிறது.

இதைத் திருத்த முடியாதா? அமெரிக்காவின் சியாட்டில் நகரில் வாஷிங்டன் ஏரியும் இப்படித்தான் கலங்கிப் போயிருந்தது. 1963 முதல் 1968 வரை நகரக் கழிவை ஏரியிலிருந்து திருப்பிவிட்டார்கள். சில ஆண்டுகளில் நீர் தெளிந்தது. நமது வாவி ஆழமற்றது, அடியில் பல்லாண்டுச் சேறு படிந்திருக்கிறது. கழிவை நிறுத்தினாலும் அந்தச் சேற்றிலிருந்து பொஸ்பரசு கசிந்துகொண்டே இருக்கும். ஆகவே நமக்குக் காலம் கூடுதலாகத் தேவைப்படும். என்றாலும் முதற்படி அதேதான்: உள்ளே வருவதை நிறுத்துவது.

அரசாங்கமும் மாநகர சபையும் செய்ய வேண்டியது நிறைய உண்டு. வீட்டில் நம் கையில் உள்ளதும் சில உண்டு. பொரித்த எண்ணெயைக் கானில் ஊற்றாதீர்கள். சவர்க்காரத் தூளை அளவாகப் போடுங்கள். கந்தூரி, கல்யாண வீட்டு மிச்சச் சோறும் குர்பான் நாளின் இரத்தமும் குடலும் கானுக்குப் போகாமல் பார்த்துக்கொள்ளுங்கள். அவை அழுகும்போதும் நீரின் ஒட்சிசனையே தின்கின்றன.

எல்லாவற்றுக்கும் மேலாக, இன்றிரவு வீட்டில் ஒரு கேள்வி கேளுங்கள்: 'நம் மலசலகூடக் குழாய் எங்கே போய்ச் சேர்கிறது?' பதில் தெரியாவிட்டால் தேடிப் பாருங்கள். அது ஒரு கானில் முடிகிறதென்றால், அதைச் சீர்செய்வது அண்டை வீட்டாருக்கு நாம் தீர்க்க வேண்டிய கடன். வாவிக் கரையில் குடியிருப்பவர்களும் நம் அண்டை வீட்டாரே.